நான் தலைமை தாங்கிய பொங்கல் போராட்டம்

பசியோடு இருக்கும் ஒரு ஆளிடம் எப்படியாவது பேசிச் சமாளித்துவிடலாம். பசியோடு இருக்கும் ஒரு ஷிப்ட்டிடம் பேசவே முடியாது. மருத்துவமனை நிர்வாகத்தில் இரண்டு வருடம் முதுகலை படித்து நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான். அதுவும் பாடத்திட்டத்தில் இல்லை.

நான் என்ன படிக்கிறேன் என்பதே எங்கள் சொந்தக்காரர்களுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. எங்களுக்குச் சொந்த ஊர் மண்ணூர். கல்யாணம், காதுகுத்து என்று எங்கே போனாலும் என் அத்தை விசாரணையை ஆரம்பித்துவிடுவார்.

"டாக்டருக்கா படிக்கிற?"

"இல்ல அத்த."

"அப்ப நர்ஸு."

"அதுவும் இல்ல அத்த. ஆஸ்பத்திரிய நிர்வாகம் பண்ற படிப்பு."

"ஓ, டோக்கன் குடுக்கற பொண்ணா?" என்று முடித்துவிடுவார். அப்பா கம்பெனி பஸ் டிரைவர். எதற்கும் ஹாரன் அடிக்கிறவர் இதற்கு மட்டும் வாயைத் திறக்க மாட்டார். அம்மாதான் விட்டுக்கொடுக்காமல், "டோக்கனா? எம் பொண்ணு அந்த ஆஸ்பத்திரிக்கே மேஸ்திரி!" என்பாள். என் படிப்புக்கு இவ்வளவு துல்லியமான விளக்கத்தை எங்கள் பேராசிரியர்கூடத் தந்ததில்லை.

அம்மா பெயர் சகுந்தலா. ஒரகடம் ரோட்டில் கார் சீட் தைக்கிற ஒரு ஃபேக்டரியில், கான்ட்ராக்டர் நடத்தும் கேன்டீனில் வேலை. எட்டு வருடமாக வெங்காயம் உரித்தாள். வெங்காயத்துக்கு அழுது அழுது, டி.வி. சீரியலுக்கு அழக் கண்ணீர் மிச்சமில்லை என்று சொல்வாள். என் படிப்பின் கடைசி வருடத்தில் அவளுக்கு அடிக்கடி அசதி, அடிக்கடி தாகம். எனக்குச் சந்தேகம். "ஒரு தடவ சுகர் பாத்துடலாம்மா" என்றால், "எனக்கு இன்னாடி கீது? கல்லு மாதிரி கீறேன். ஊசி குத்தற எடத்துக்கெல்லாம் நான் வரமாட்டேன்" என்று குக்கர் விசிலை விடச் சத்தமாகக் கத்துவாள்.

அப்போதுதான் எனக்குக் கடைசி செமஸ்டர். சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு மருத்துவமனையில் பயிற்சி. புராஜெக்ட் ஒன்று செய்தாக வேண்டும். நான் யோசித்தேன் (யோசிக்காமல் இருந்திருக்கலாம்). அம்மாவின் ஃபேக்டரியிலேயே தொழிலாளர்களுக்கு ஒரு இலவச சர்க்கரை நோய் பரிசோதனை முகாம் வைத்தால் என்ன? புராஜெக்ட்டும் ஆச்சு, மகள் எதிரில் வந்து நின்றால் அம்மாவும் விரலை நீட்டித்தானே ஆக வேண்டும். மருத்துவமனையில் சரி என்றார்கள். ஃபேக்டரியின் சேஃப்டி ஆபீஸரும் மெயிலில் அனுமதி கொடுத்துவிட்டு, சொந்த ஊரில் கும்பாபிஷேகம் என்று லீவில் போய்விட்டார். அனுமதிதான் கிடைத்துவிட்டதே, இனி யாரிடம் கேட்க வேண்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

வெறும் வயிற்றில் பார்க்க வேண்டிய பரிசோதனை அது. முதல் ஷிப்ட்காரர்கள் காலை ஆறு மணிக்கு உள்ளே போவார்கள். எட்டு மணிக்கு கேன்டீனில் டிபன் (அம்மா பாஷையில் நாஷ்டா). ஆகவே டிபன் சாப்பிடாமல் இருக்கச் சொல்ல வேண்டும். எழுபது பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். அவர்களுக்கு மட்டும் ஒரு செய்தி அனுப்பினால் போதும். ஆனால் அதற்கு முந்தின வாரம்தான் வகுப்பில் 'மக்களைத் தூண்டும் தகவல் தொடர்பு' என்று ஒரு பாடம் நடந்திருந்தது. நான் தூண்டினேன்.

மருத்துவமனை பெயர், முகாமின் நோக்கம், விதிமுறைகள் என்று முதல் பாதி. யாரும் படிக்க முடியாத நீளம். இரண்டாம் பாதியில் உணர்ச்சி பொங்கியது:

"எனவே, வியாழன் காலை யாரும் கேன்டீனில் சாப்பிட வேண்டாம். தண்ணீர் மட்டும் அருந்தலாம். நம் உடல், நம் உரிமை! ஒன்றுகூடுவோம், மாற்றத்தைக் கொண்டுவருவோம்! இவண், தமிழரசி, ஒருங்கிணைப்பாளர்."

இதை அந்த ஃபேக்டரியில் தையல் லைனில் வேலை பார்க்கும் பேச்சியம்மாளுக்கு அனுப்பினேன். தென்காசிப் பக்கத்துப் பெண். சுங்குவார்சத்திரத்தில் நாலு பேரோடு ரூம் எடுத்துத் தங்கியிருந்தாள். காய்ச்சலுக்கு மருத்துவமனைக்கு வந்தபோது பழக்கம். "நீங்க கவலப்படாதீயக்கா. எங்க பஸ் குரூப்புல போட்டுருதேன்" என்றாள். அங்கே ஒவ்வொரு கம்பெனி பஸ்ஸுக்கும் ஒரு வாட்ஸாப் குரூப் உண்டு. அவள் முழுசாகத்தான் போட்டாள். அந்த குரூப்பில் இருந்த யாரோ ஒரு புண்ணியவான், இவ்வளவு நீளத்தை யார் படிப்பார்கள் என்று முதல் பாதியை வெட்டி எறிந்துவிட்டு, முக்கியமானதை மட்டும் மற்ற எல்லா பஸ் குரூப்புக்கும் அனுப்பிவிட்டான்.

முந்தின நாள் சாயங்காலம் நான் வீட்டுக் கூடத்தில் லேப்டாப்பும் கையுமாக ஸ்லைடு போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏய், நாளைலேர்ந்து நான்தான் நாஷ்டா இன்சார்ஜு, தெரியுமா? நாளைக்கு என் பொங்கலு."

"ம்ம். சூப்பர்மா."

"கான்ட்ராக்டரு கறாரா சொல்ட்டாரு. மொத நாளு ஒரு கம்ப்ளைன்ட் வந்துச்சு, வூட்டுக்குப் போவ வேண்டிதுதான்னு. பயமா கீதுடி."

"ம்ம். உனக்கும் நாளைக்கு ஒரு சர்ப்ரைஸ் கீதும்மா."

"இன்னாது?"

"சொன்னா அது சர்ப்ரைஸா?"

அம்மா சொன்னதில் ஒரு வார்த்தைகூட அன்று என் மண்டையில் ஏறவில்லை. அப்போது நான் போட்டுக்கொண்டிருந்த ஸ்லைடின் தலைப்பு, 'கூர்ந்து கேட்டலின் அவசியம்'.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து ஃபேக்டரிகளில் தொழிலாளர்களுக்குக் கோபம் வந்தால் முதலில் மெஷினை நிறுத்த மாட்டார்கள். லைன் பாட்டுக்கு ஓடும். கேன்டீனில் தட்டை மட்டும் தொட மாட்டார்கள். அவ்வளவுதான். சாப்பாடு அப்படியே கிடந்தால், மேனேஜ்மென்ட்டுக்கு விஷயம் புரிந்துவிடும். ஃபேக்டரிகளை நம்பிப் பிழைக்கும் அப்பா அம்மாவுக்குப் பிறந்த எனக்கும் இது நன்றாகத் தெரியும். ஒரு ஷிப்ட்டையே சாப்பிடாதே என்று சொல்லும்போது மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை.

வியாழக்கிழமை எட்டு மணிக்கு டிபன் மணி அடித்திருக்கிறது. பெயர் கொடுத்த எழுபது பேர் தட்டை எடுக்காமல் உட்கார்ந்தார்கள். வெட்டி அனுப்பிய பாதியைப் படித்த மற்றவர்கள், ஏதோ போராட்டம் என்று அவர்களும் உட்கார்ந்தார்கள். செய்தியே வராதவர்கள், இத்தனை பேர் பட்டினி கிடக்கும்போது நாம் மட்டும் எப்படித் தின்பது என்று சேர்ந்து உட்கார்ந்தார்கள். மொத்த ஷிப்ட்டும் கையைக் கட்டிக்கொண்டு பொங்கலைப் பார்க்க, பொங்கல் அவர்களைப் பார்த்திருக்கிறது.

இது எதுவும் தெரியாமல் எட்டரை மணிக்கு நான் மருத்துவமனை வேனில் போய் இறங்கினேன். சித்திரை வெயிலில் கறுப்பு கோட் (தோழியுடையது, தோள் இரண்டு அங்குலம் கீழே தொங்கியது). பின்னால் ரத்தப் பரிசோதனைப் பெட்டியோடு லேப் டெக்னீஷியன் ஜோசப் அண்ணன். முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று நானும் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை.

கேட்டில் செக்யூரிட்டி பெயர் கேட்டார்.

"தமிழரசி. ஒருங்கிணைப்பாளர்."

அவர் விறைப்பாக நிமிர்ந்து வாக்கிடாக்கியை எடுத்தார். "சார், வந்துட்டாங்க சார். அவங்கதான். கூட ஒரு ஆளு, கைல பொட்டி."

ஒரு பயிற்சி மாணவிக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்குப் புல்லரித்தது. ஜோசப் அண்ணனை வரவேற்பறையிலேயே உட்கார வைத்துவிட்டு என்னை மட்டும் ஏசி ரூமுக்கு அழைத்துப் போனார்கள். எச்.ஆர். மேனேஜர் எழுந்து நின்று கும்பிட்டார். கோயம்புத்தூர்க்காரர். மேஜையில் ஒரு தட்டு நிறைய முந்திரி.

"உட்காருங்க மேடம். முந்திரி எடுத்துக்கோங்க."

"வேணாம் சார். இன்னிக்குச் சாப்பிடக் கூடாது."

அவர் முகம் வாடியது. "நீங்களுமாங்க?"

"நானே சாப்பிட்டா அவங்களுக்கு எப்படி சார் சொல்றது?"

அவர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "உங்க பக்கம் எத்தனை பேருங்க?"

"எழுபதுன்னுதான் நெனச்சோம் சார். இப்ப பாத்தா எல்லாருமே ரெடியா இருக்காங்களாமே!" என்று பூரித்துப் போய்ச் சொன்னேன். யாருமே சாப்பிடவில்லை என்று வழியில் ஒரு செக்யூரிட்டி சொல்லியிருந்தார்.

"இது எத்தனை நாளைக்குங்க நடக்கும்?"

"இன்னிக்கு ஒரு நாள்தான் சார். ரிசல்ட்டப் பாத்துட்டு, தேவைப்பட்டா மூணு மாசம் கழிச்சு மறுபடியும் நடத்துவோம்."

"மேடம், எதா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாமுங்க."

"பேசி என்ன சார் ஆகப்போவுது? ரத்தம் பாக்காம நாங்க கெளம்ப மாட்டோம்."

மனிதர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். கதவோரம் நின்ற செக்யூரிட்டி இரண்டடி உள்ளே வந்தார்.

"ஒரு சொட்டுதான் சார். வலிக்கவே வலிக்காது" என்று நான் அவரைத் தேற்றி, கோட் பாக்கெட்டிலிருந்து விரலில் குத்தும் ஊசியை எடுத்துக் காட்டினேன்.

அந்த ஊசியை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். அதன் உறையில் இருந்த மருத்துவமனை முத்திரையைப் பார்த்தார். பிறகு தன் போனை என் பக்கம் திருப்பினார். அதில் என் செய்தி இருந்தது. தலை இல்லை, வால் மட்டும். யாரும் கேன்டீனில் சாப்பிட வேண்டாம். நம் உரிமை. ஒன்றுகூடுவோம். கீழே கொட்டை எழுத்தில் என் பெயர்.

அய்யோ, அந்த ஏசி ரூமில் எனக்கு வேர்த்த வேர்வை இருக்கிறதே! உளறிக்கொட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். பிறகு மேலதிகாரிக்குப் போன் போட்டு, "சார், ஸ்ட்ரைக் இல்லீங்க சார். சுகருங்க சார்" என்றார். அந்தப் பக்கத்தில் என்ன சொன்னார்களோ, போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"மொதல்ல கேன்டீனுக்கு வாங்க" என்று எழுந்தார். "சாப்பாடு சரியில்லாமதான் பிரச்சனைன்னு நெனச்சு, அந்தக் கான்ட்ராக்டர் இன்சார்ஜம்மாவ வேலைய விட்டு அனுப்பிட்டு இருக்காரு. பாவம், இன்னிக்குத்தான் போட்டாங்களாமா. சகுந்தலான்னு."

நேற்றுச் சாயங்காலம் அம்மா சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அப்போதுதான் என் காதில் வந்து விழுந்தது. பயமா கீதுடி என்று சொன்னாளே. நான் அந்த நடைபாதையில் ஓடினேன். எச்.ஆர். மேனேஜர் பின்னால் ஓடி வந்தார்.

கேன்டீனில் சத்தமே இல்லை. ஒரு ஷிப்ட் முழுக்க வரிசையாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. முன்னால் பெரிய அண்டாவில் பொங்கல், மேலே முந்திரியும் மிளகும் கலையாமல் அப்படியே. பக்கத்தில் தலையில் வலைத்தொப்பியும் கையில் கரண்டியுமாக அம்மா. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. இந்தத் தடவை வெங்காயம் காரணமில்லை.

"தொப்பிய கழட்டி வெச்சுட்டுக் கெளம்பும்மா" என்று கான்ட்ராக்டர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, நீயே ஒரு வாய் துன்னு பாருண்ணா. உப்பு கம்மியா? கொழஞ்சு போச்சா? இன்னா கொறன்னு சொல்லாம போடீன்னா எப்படிண்ணா போவேன்?"

"அண்ணா, அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க! எல்லாம் என்னாலதான்!" என்று கத்தினேன்.

அம்மா திரும்பினாள். "நீ இங்க இன்னாடி பண்ற? யாரு கோட்டுடி இது?"

பதில் சொல்ல நேரமில்லை. காலியாக இருந்த ஒரு பெஞ்சு மேல் ஏறினேன். "எல்லாரும் கேளுங்க! நான்தான் தமிழரசி!"

கை தட்டினார்கள் பாருங்கள், கூரைத் தகரம் அதிர்ந்தது. விசில் வேறு. பின் வரிசையில் ஒருவர், "தலைவி வாழ்க!" என்றார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே கைதட்டல். அதை அனுபவிக்கக்கூட முடியவில்லை.

"யக்கா, பஸ்ஸுக்கு ஏசி கேளுக்கா!"

"ஓவர்டைம் இருந்தா மொத நாளே சொல்லணும்க்கா!"

"சட்னில தேங்காவே காணோம்க்கா!"

எச்.ஆர். மேனேஜர் பழக்கதோஷத்தில் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்.

"இல்லீங்க! இது ஸ்ட்ரைக் இல்ல! சுகர் டெஸ்ட்டு!"

கோரிக்கைகள் பாதியில் நின்றன. ஒரு மூலையிலிருந்து பேச்சியம்மாள் குரல் மட்டும் கேட்டது. "அதத்தாங்க்கா நான் காலையிலேருந்து படிச்சுப் படிச்சுச் சொல்லுதேன். ஒருத்தரும் கேக்க மாட்டேங்காவ."

"அப்ப எங்கள எதுக்கும்மா பட்டினி போட்ட?" என்று ஒருவர் எழுந்தார். அவரோடு அந்த பெஞ்சே எழுந்தது. அதற்குள் என் வாய் பேசிவிட்டது. "சாப்பாட்டுல ஒரு கொறையும் இல்ல. மெசேஜ் போட்டவ நான். திட்டறதா இருந்தா என்னத் திட்டுங்க. பொங்கல் கிண்டனது எங்கம்மா. அவங்களுக்கு இன்னிக்குத்தான் மொத நாளு. நீங்க சாப்பிடலன்னா அவங்க வேல போயிடும்."

எழுந்தவர் அண்டாவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "அத மொதல்ல சொல்றதில்ல?" என்று முனகிக்கொண்டே போய்த் தட்டை எடுத்தார்.

அப்புறம் நடந்ததுதான் தள்ளுமுள்ளு. நல்லவேளையாக, வரிசையை எப்படிப் பிரிப்பது என்று மட்டும் நான் ஒழுங்காகப் படித்திருந்தேன். பெஞ்சிலிருந்து குதித்து, பெயர் கொடுத்தவர்கள் ஜன்னல் பக்கம், மற்றவர்கள் அண்டா பக்கம் என்று இரண்டாகப் பிரித்தேன். என் குரல் எட்டாத இடத்துக்கு அம்மாவின் கரண்டி எட்டியது. அண்டா விளிம்பில் டங்கென்று ஒரு தட்டு தட்டி, "ஏய், ரத்தம் குடுக்கறவன்லாம் அந்தாண்ட போ! துன்றவன் இந்தாண்ட வா! ஆறிப்போவுது!" என்றாள். வரவேற்பறையிலிருந்து கூட்டி வந்த ஜோசப் அண்ணன் பெட்டியைத் திறந்தார். எச்.ஆர். மேனேஜர் லைனை அரை மணி நேரம் தாமதமாக மறுபடி ஆரம்பிக்கச் சொல்லிவிட்டு, தானும் ஒரு தட்டோடு வரிசையில் நின்றார். அவருக்கும் காலையிலிருந்து பட்டினி.

அவர் இரண்டாம் தடவை பொங்கல் கேட்டதைக் கான்ட்ராக்டர் பார்த்தார். ஒரு தட்டு வாங்கி ஓரமாக நின்று தானும் சாப்பிட்டார். பிறகு அம்மாவிடம் போய், "தொப்பி எதுக்கும்மா சாஞ்சு கீது? நேரா போடு. இன்சார்ஜுன்னா நீட்டா இருக்கணும்" என்றார். அவரால் முடிந்த மன்னிப்பு அவ்வளவுதான்.

எல்லோரும் லைனுக்குப் போனபின் ஜோசப் அண்ணன், "ஒரு ஆளுக்கு மட்டும் டெஸ்ட் ஸ்ட்ரிப் மிச்சம் இருக்கும்மா" என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"நீ சாப்ட்டியாம்மா?"

"எங்கடி துன்றது? இவனுங்க மொத பந்தி துன்னு முடிச்சாதான் எனக்கு எறங்கும். ராவு துன்னதுதான்."

அந்தக் கட்டிடத்திலேயே என் விதிமுறைப்படி வெறும் வயிற்றோடு மிச்சமிருந்தது அவளும் நானும்தான். அம்மா கையை நான் பிடித்துக்கொண்டேன். என்ன அதிசயமோ, சண்டை போடவில்லை. முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஜோசப் அண்ணன் மெஷினைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் என் பக்கம் திருப்பினார். இருக்க வேண்டியதைவிட ரொம்ப அதிகம்.

"இன்னாடி, ஃபெயிலா?"

"ஃபெயில்தாம்மா" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"அழுவாத. நீதான் மேஸ்திரியாச்சே. பாத்து பாஸ் பண்ணி வுடு" என்று என் கோட்டிலேயே என் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

மறு பரிசோதனையிலும் அப்படியே வந்தது. நல்ல நேரத்தில் கண்டுபிடித்தீர்கள், மாத்திரையும் நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் இருந்தால் பயமில்லை என்றார் டாக்டர். என் திட்டப்படி எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு யோசித்தேன். எழுபது பேர் ரத்தம் கொடுத்திருப்பார்கள், மற்றவர்கள் சாப்பிட்டிருப்பார்கள், அம்மாவும் நிம்மதியாக ஒரு தட்டு சாப்பிட்டு முடித்துவிட்டு, "துன்னுட்டேண்டி, அடுத்த வாட்டி பாக்கலாம்" என்று தப்பித்திருப்பாள். என் புராஜெக்ட் கேவலமாகத் தோற்றதால்தான் அவள் மாட்டினாள்.

வாய்மொழித் தேர்வில் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "இந்த முகாமைப் பற்றி நீங்கள் முதலில் யாரிடம் சொல்லியிருக்க வேண்டும்?"

"பொங்கல் கிண்டறவங்ககிட்ட சார்" என்றேன். சிரித்துவிட்டு பாஸ் போட்டார்கள். இப்போது அதே மருத்துவமனையில்தான் வேலை பார்க்கிறேன். ஃபேக்டரி ஃபேக்டரியாக முகாம் நடத்துகிறோம். என் முதல் போன் எப்போதும் கேன்டீனுக்குத்தான். செய்தி இரண்டு வரிக்கு மேல் போகாது. அம்மா இன்னும் அங்கே நாஷ்டா இன்சார்ஜ். பஸ்ஸுக்கு ஏசி இன்னும் வரவில்லை. சட்னியில் மட்டும் அடுத்த வாரமே தேங்காய் வந்துவிட்டது. என் தலைமையில் தொழிலாளர் வர்க்கம் வென்றெடுத்த ஒரே கோரிக்கை அது.

வீட்டில்தான் மானம் போகிறது. நான் குடும்ப குரூப்பில் என்ன அனுப்பினாலும், "மீதி மெசேஜ் எங்கம்மா?" என்று அப்பா பதில் போடுவார். நான் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்தால், "சகுந்தலா, முந்திரி எடுத்துனு வா. பேச்சுவார்த்தைக்குக் கூப்புடணும்" என்பார். அத்தைகூட இப்போது டோக்கனை மறந்துவிட்டு, "ஸ்ட்ரைக் பண்ணுச்சே, அந்தப் பொண்ணு" என்றுதான் எல்லோரிடமும் அறிமுகப்படுத்துகிறார்.

போன வாரம் அம்மாவின் புது ரிப்போர்ட் வந்தது. பார்த்ததும் எனக்கு ஆபீஸிலேயே குதிக்கலாம் போலிருந்தது. குரூப்பில் ஒரே வரி அனுப்பினேன்: "அம்மா சுகர் கன்ட்ரோல்ல இருக்கு."

அப்பா உடனே, "மீதி மெசேஜ்?" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மாவிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். பின்னணியில் அண்டாவும் கரண்டியும் உருளுகிற சத்தம்.

"தலைவி, அப்ப போராட்டம் வாபஸா? ஒரு கரண்டி பொங்கலு துன்னட்டுமா?"

ஒரே ஒரு கரண்டி என்று பதில் அனுப்பினேன். ஒப்பந்தம் கையெழுத்தானது.